இல்லாத குழி

“‘கணக்கு வராத பிள்ளைன்னு யாரும் கிடையாது. வராதது என்னன்னா...’ நான் படிச்ச பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுல ஒரு பெரியவர் பேசினார், டீச்சர். அதுக்கப்புறம் என்ன சொன்னார்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல.”

“அப்ப கை தட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க” என்றார் ஆவுடை டீச்சர்.

பூவராகன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

டொரொன்டோவில் இருபது வருஷம் பாலங்களுக்குக் கணக்குப் போட்டவர். நாற்பத்தெட்டு வயதில் அதை விட்டுவிட்டு, சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். தன்னைவிடப் பத்து வயது இளைய தலைமையாசிரியை ஆவுடை டீச்சரிடம், “என்னையும் ஒரு மாணவனா சேர்த்துக்குங்க” என்று கேட்டார். டீச்சர் ஒரு சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்து, எட்டாம் வகுப்பு இருக்கும் திசையைக் காட்டினார்.

அதற்குமேல் இதுவரை ஓர் உபதேசமும் இல்லை.

“நாளையிலேருந்து நான் வரல, டீச்சர்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

“இது நிஜமா.”

டீச்சர் வாலிபால் வலையின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “என்ன ஆச்சு, சொல்லுங்க.”

ஆனதெல்லாம் இதுதான். பிரதிபலிப்புப் பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யக் கூடாது, கையால் செய்து படிக்க வேண்டும் என்று பூவராகன் ஒரு குட்டி கோல்ஃப் களத்தை ஆரம்பித்தார். பிள்ளைகள் அதற்குக் குழிப்பந்து என்று பேர் வைத்தார்கள். திடல் ஓரத்துச் சிமென்ட் தரை, சுற்றிலும் பலகை, குழாய் நுனியில் கட்டை செருகிய மட்டை. ஒவ்வொரு குழுவும் ஒரு குழியை வடிவமைத்தது. மற்றவையெல்லாம் சரியாக வந்தன. கடைசிக் குழிதான் உயிரை எடுத்தது. அதற்கு முன்னால் செங்கல் அடுக்கி மறைத்திருந்தார்கள். நேரே அடித்தால் போகாது. பக்கத்துப் பலகையில் பட்டுத் திரும்பித்தான் விழ வேண்டும்.

விழவில்லை.

“பலகையைக் கண்ணாடின்னு நினைச்சுக்கோன்னேன். கண்ணாடிக்குள்ள குழி எங்க தெரியுமோ, அந்தப் பக்கம் அதே தூரத்துல ஒரு குச்சி நட்டேன். அதைக் குறி பார்த்து அடின்னேன். கேட்டாத்தானே? ‘இல்லாத குழியைப் பார்த்து அடிச்சா இருக்கிற குழியில எப்படி சார் விழும்?’ங்குறா முப்பிடாதி.”

“நியாயமான கேள்விதான்.”

“டீச்சர்.”

“சரி, சொல்லுங்க.”

“படம் போட்டேன். பாகைமானி வச்சு அளந்து காட்டினேன். படுகோணம், மீள்கோணம்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன். பரீட்சையில கேட்டா எழுதிடுதுங்க. மட்டையைக் கையில எடுத்தா செங்கல்லையே போய் இடிக்குதுங்க. சனிக்கிழமை பெத்தவங்க வந்து பார்க்கப் போறாங்க. உங்க பிள்ளைக்குப் படிப்பும் வராது, விளையாட்டும் வராதுன்னு நானே கூப்பிட்டுக் காட்டின மாதிரி ஆகும். வேண்டாம். நான் பாலத்துக்கே போறேன். எனக்கு இது வரல.”

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. டீச்சர் வலையைக் கீழே வைத்தார்.

“அவங்க அடிக்கும்போது நீங்க எங்க நிப்பீங்க?”

“குழிகிட்டத்தான். வேற எங்க?”

“நின்னு?”

“இங்க விழணும், இங்கன்னு காட்டுவேன்.”

“வாங்க.”

திடலில் முப்பிடாதி மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பூவராகனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண்டையில் களிமண்ணா என்று காலையில் அவளைத்தான் கேட்டிருந்தார்.

பழக்கதோஷத்தில் பூவராகன் நேரே குழியருகே போய் நின்றார்.

“அங்கேருந்து வந்துடுங்க சார்” என்றார் டீச்சர்.

பலகைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் கைகழுவுகிற தண்ணீர் வந்து தேங்கும் இடம். டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையைத் தாண்டிச் சேற்றில் இறங்கினார். பூவராகன் நட்ட குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நின்றார்.

“முப்பிடாதி, என்னைப் பார்த்து அடி.”

“நடுவுல பலகை இருக்கே டீச்சர்.”

“இருக்கட்டும்.”

“உங்ககிட்ட வராது.”

“வராட்டிப் போகுது.”

“குழியைப் பார்க்க வேண்டாமா?”

“குழி அழகா, நான் அழகா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குமுன் டீச்சரைப் பார்த்து அடித்தாள்.

பந்து பலகையில் பட்டது. திரும்பியது. செங்கல்லுக்குப் பின்னால் உருண்டு போய், குழியின் விளிம்பில் ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது.



“அப்ப அங்க ஒரு குழி இருக்கத்தான் செய்யுது” என்றாள் முப்பிடாதி, தனக்குத்தானே.

பிறகு அடுத்து நான், அடுத்து நான் என்று ஒரே தள்ளுமுள்ளு. எல்லாரும் டீச்சரைப் பார்த்து அடித்தார்கள். சிலது விழுந்தது, சிலது குழியை உரசிக்கொண்டு போனது. செங்கல்லை எதுவும் தொடவில்லை. எந்தத் தோளை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று முப்பிடாதி மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

பூவராகன் பலகையோரம் வந்தார்.

“டீச்சர், என் குச்சியும் இதே இடத்துலதானே நின்னுச்சு?”

“அதே இடம்தான். ஒரு விரல்கூடத் தப்பல.”

“அப்புறம் ஏன்?”

டீச்சர் குனிந்து சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். “செருப்பு உள்ள போயிடுச்சு சார்.”

கூட்டம் முழுக்கக் குழியைச் சுற்றி நின்றது. ஒரு முகமாவது இந்தப் பக்கம் திரும்பும் என்று பூவராகன் காத்திருந்தார். திரும்பவில்லை.

“ஒரு பிள்ளைகூட உங்களைத் திரும்பிப் பார்க்கல, டீச்சர்.”

“பந்துகூடத்தான் வரல. கையைக் கொடுங்க, ஏறணும்.”

அந்தச் சேற்றைப் பார்த்தபடியே, சனிக்கிழமை வெறுங்காலோடு வருவதென்று பூவராகன் முடிவு செய்தார்.