சர்க்கரைக் கண்ணாடி

“டீச்சர், தங்கம் ஒட்ட மாட்டேங்குது!”

கோமளவல்லி போனில் கத்தியது பாதி சாலிகிராமத்துக்குக் கேட்டிருக்கும். அடுத்த தெருவில் இருந்த மெஹருன்னிசாவுக்குப் போனே தேவைப்பட்டிருக்காது.

மெஹருன்னிசா கேக் வகுப்பு நடத்துகிறவள். கோமளவல்லி அவளிடம் கற்றுக்கொள்கிறவள். டீச்சருக்கு முப்பது வயசு, மாணவிக்கு ஐம்பத்தாறு. ஆனால் டீச்சர் ஒன்று சொன்னால் மாணவி மறுவார்த்தை பேச மாட்டாள். இந்த உலகத்தில் வேறு யாருக்கும் அவள் அந்தச் சலுகையைக் கொடுத்ததில்லை.

டீச்சர் வந்தாள். மேஜையைப் பார்த்தாள்.

மேஜை முழுக்க விருதுச் சிலைகள். வெள்ளை சாக்லேட்டில் வார்த்து, காலடியில் ‘தணிகாசலம்’ என்று பெயர் எழுதி, மேலே தங்கத்தாள் ஒட்டியவை. சிலவற்றில் மூக்கில் மட்டும் தங்கம் பிடிக்காமல், சளி பிடித்த சிலைகளாக நின்றன.

தணிகாசலம் கோமளவல்லியின் கணவர். சினிமாவுக்குச் சத்தம் கொடுப்பது அவர் வேலை. திரையில் கதாநாயகி கொலுசோடு ஓடினால், ஸ்டூடியோவில் கொலுசைக் கட்டிக்கொண்டு ஓடியவர் இவர். வில்லனின் எலும்பு முறிந்தால், முருங்கைக்காயை முறித்தவர் இவர். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு பெரிய விருதின் பட்டியலில் அவர் பெயர் வந்திருக்கிறது. விழா துபாயில். விமானம் ஏறியதெல்லாம் நடிகர்கள். தணிகாசலம் நாளைச் சாயங்காலம் ஸ்டூடியோ நண்பர்களோடு வீட்டிலேயே உட்கார்ந்து டிவியில் பார்க்கப் போகிறார்.

“எப்படி டீச்சர் இருக்கு?”

“அழகா இருக்கு கோமளாம்மா. ஒரு தடவை பரிமாறிப் பாத்துடலாமா?”

“இப்பவா?”

மெஹருன்னிசா ஒரு டிஷ்யூ தாளை மடித்தாள். விழா மேடையில் நிற்பவள் போல நிமிர்ந்துகொண்டு, மெதுவாகப் பிரித்தாள்.

“இந்த வருஷம், சிறந்த ஒலிக்கான விருது…”

கோமளவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். வெறும் டிஷ்யூ தாள்தான் என்று தெரியும். இருந்தாலும் கும்பிட்டாள்.

“…வேற ஒருத்தருக்கு.”

“என்னது?”

“இப்பப் பரிமாறுங்க. மொதல்ல அவருக்கு.”

கோமளவல்லி தட்டை எடுத்தாள். கணவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

தன் பெயர் எழுதிய சிலையின் தலையை அவர் கடிப்பாரா? கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? ஒன்றும் செய்யமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அதை மட்டும் அவளால் பார்க்க முடியாது.

“நல்ல வாய் உங்களுக்கு!” என்று வெடித்தாள். “கெடைக்கும்னு நெனைக்கக் கூடாதா? அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? ரவா கேசரி கிண்டி வைக்கட்டுமா?”

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். அடுப்போரம் ஒரு தட்டில், அலங்காரத்துக்கென்று காய்ச்சி, நிறம் அதிகமாகிவிட்டதால் ஒதுக்கிவைத்த சர்க்கரைப் பாகு கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. அதில் ஒரு துண்டை எடுத்தாள். கோமளவல்லியின் காதோரம் கொண்டுபோய் உடைத்தாள்.

டக்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“இவளுக்கு என்ன ஆச்சு?” என்று கோமளவல்லி சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுவர் என்ன சொல்லும்?

அடுப்போரம் போனாள். தானே ஒரு துண்டை எடுத்து உடைத்தாள். டக். மெல்லியதாக ஒன்றை எடுத்தாள். டிக். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றை உடைத்தாள்.

“அடி சக்கை! அவருக்குச் சத்தம்தானே விருந்து!”

அடுத்த நிமிஷம் சிலைகள் எல்லாம் பாத்திரத்துக்குள் போயின. வெந்நீர்மேல் வைத்ததும் முதலில் மூக்குகள் கரைந்தன, அப்புறம் பெயர்கள். தங்கம் மட்டும் அங்கங்கே மினுங்கியது. க்ரீமை நுரைக்க அடித்து அதில் கலந்தாள். சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி, ஒவ்வொன்றின் கழுத்திலும் கறுப்பு ரிப்பன் கட்டினாள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு விழாவுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி அவை வரிசையாக நின்றன. புதிதாகப் பாகு காய்ச்சி, கிண்ணத்துக்கு மூடி போல வட்ட வட்டமாக, தாள் கனத்தில் ஊற்றினாள். சந்தோஷம் தாங்காமல் அவளுக்குப் பாட்டே வந்துவிட்டது. கிண்ணங்களையும் மூடிகளையும் பத்திரமாக ஃபிரிட்ஜில் வைத்தாள்.

காலையில் மூடி ஒன்றை எடுத்து உடைத்தாள். அது வளைந்தது.

“டீச்சர்! எல்லாம் ஊமையாயிடுச்சு!” என்று மறுபடியும் போனில் கத்தினாள்.

“ஃபிரிட்ஜ்ல வெச்சீங்களா? ஈரத்துல நமுத்திருக்கும்.”

கோமளவல்லி ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

“திரும்பக் காய்ச்சுங்க. காத்துப் படாம டின்ல போட்டு மூடுங்க. சாப்பிடறப்பத் தொறந்தாப் போதும்.”

“நீங்களும் வாங்க டீச்சர். எனக்குப் படபடன்னு வருது.”

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர்கள், மாடி வீட்டுக்காரர்கள், ஓரமாக மெஹருன்னிசா. தணிகாசலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒலிக்கான விருது என்று டிவியில் சொன்னதும் மாடி வீட்டம்மா விசிலே அடித்துவிட்டாள்.

உறையைப் பிரித்தார்கள். வேறு பெயர்.

துபாயில் மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு.

கோமளவல்லி உள்ளே ஓடிக் கிண்ணங்களை எடுத்துவந்தாள். டின்னைத் திறந்தாள். கிண்ணத்தின்மேல் பாகு மூடியைப் பொருத்தி அவர் கையில் கொடுத்தாள். பிறகு எல்லாருக்கும் கொடுத்தாள்.

“சாப்பிடுங்க.”

அவள் சொன்னதற்காகத்தான் அவர் ஸ்பூனை எடுத்தார். மூடியை அழுத்தினார்.

டக்… கிர்ர்ர்.

விரிசல் ஓரம்வரைக்கும் ஓடியது.

தணிகாசலம் சிரிப்பதை நிறுத்தினார். கிண்ணத்தைக் காதுக்குக் கொண்டுபோனார். இன்னொரு முறை, லேசாக அழுத்தினார்.

“ஞானம், கேட்டியா?”

“கேட்டேண்ணே.” அவரோடு ஒலிப்பதிவு செய்கிற ஞானராஜ் எழுந்தே நின்றுவிட்டான்.

“ஏரி!”

“அதே ஏரிதாண்ணே!”

அவர்கள் இப்போது வேலை செய்யும் படத்தில், உறைந்த ஏரி ஒன்று காலடியில் விரிசல் விட வேண்டும். மெட்ராஸில் உறைந்த ஏரிக்கு எங்கே போவது? கண்ணாடி, பிளாஸ்டிக், அப்பளம் என்று ஒரு மாதமாக எதையெல்லாமோ உடைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் கைவிட்டிருந்தார்கள்.

“யாரும் சாப்பிடாதீங்க!” தணிகாசலம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “அப்படியே இருங்க! ஒருத்தரும் தொடாதீங்க! ஞானம், ரெக்கார்டரை எடு!”

கூடம் முழுக்க ஸ்பூன்கள் அந்தரத்தில் நின்றன. மெஹருன்னிசாவின் ஸ்பூனும்தான்.

“ஃபேனை நிறுத்துங்க. அந்த டிவியையும் நிறுத்துங்கப்பா, எழவு, ஒரே சத்தம்!”

யாரோ டிவியை அணைத்தார்கள்.

தணிகாசலம் மைக்கை நீட்டிக்கொண்டு தரையில் மண்டி போட்டார்.

“கோமளா, கிட்ட வா. நீ உடை.”