கப்பல் கறிக்கு என்ன விலை?

முன்னொரு காலத்தில் வேங்கைத்துறை நாட்டை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் எந்தப் பொருளும் தூரத்திலிருந்து வந்தால்தான் அவன் கண்ணுக்கு அழகு.

அது தெரிந்த துறைமுக அதிகாரி கடம்பநாதர், கடல் தாண்டி நாற்பது நாள் வந்த ஆட்டுக்கறியைப் பன்னிரண்டு பீப்பாய் இறக்கினார். பீப்பாயைத் திறக்கும் முன்பே உத்தரவு பிறந்தது: "இனி நமக்கு இதுதான். ஆட்டுச் சந்தையை இடித்துக் கிடங்கு கட்டுங்கள்."

சந்தையில் கறிக்கடை போட்டிருந்த சடைச்சி, மந்திரி நன்னியாரிடம் ஓடினாள். "இருபத்தாறு குடும்பம் சாமி. நாங்க எங்க போறது?"

"நாளைக்கு ஒரு கிடாயைக் கொண்டு வா" என்றார் மந்திரி.

மறுநாள் விருந்து. ஒவ்வொரு இலையிலும் இரண்டு கறி.

"இடப்பக்கம் ஊர்க் கறி, வலப்பக்கம் கப்பல் கறி" என்றார் மந்திரி. "சாப்பிட்டுப் பார்த்து, ஒரு கிடாய்க்கு என்ன விலை தரலாம் என்று சொல்லுங்கள்."

கடம்பநாதர் இடப்பக்கத்தைக் கடித்து முகம் சுளித்தார். "சே, கயிறு மாதிரி நார்! உப்புக் கரிக்கிறது. அரைப் பொன்னே அதிகம்." வலப்பக்கம் போனதும் கண் சொருகியது. "ஆகா, வெண்ணெய்! அந்தத் தேசத்துப் புல்வாசம்கூட வருகிறது. பத்துப் பொன்!"

"இருபது!" என்றான் ராஜா, எலும்பை உறிஞ்சியபடி.

"நாற்பது நாள் கடலில் கறி எப்படிக் கெடாமல் வந்தது, கடம்பநாதரே?" என்று கேட்டார் மந்திரி.

"இதுகூடவா தெரியாது மந்திரியாரே? பீப்பாய் நிறைய உப்பைக் கொட்டி..."

சொல்லிக்கொண்டிருந்தவர் வாய் அப்படியே நின்றது. சபையின் கண்களெல்லாம் இடப்பக்கக் கறிக்குத் திரும்பின.

"நான்தான் பெயரை மாற்றிச் சொன்னேன்" என்றார் மந்திரி. "வலப்பக்கம் சடைச்சியின் கிடாய்."

ராஜாவின் காது சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "என் வாயால் சொன்ன விலை. இருபது பொன்னையும் அவளுக்கே கொடுங்கள்!"

வாசலோரம் நின்றிருந்த சடைச்சி முன்னே வந்து ஒரு பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டாள். "கிடாய்க்கு இதுதான் ராசா. மிச்சம் பத்தொன்பதும் கப்பல் வந்த தூரத்துக்கு நீங்க சொன்னது. என் கிடாய் அவ்வளவு தூரம் நடக்கலையே."

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. "சந்தை அங்கேயே இருக்கட்டும். இந்தப் பத்தொன்பது என் நாக்குக்கு அபராதம். சந்தைக்குக் கூரை போடுங்கள். பீப்பாய்கள் கடம்பநாதர் வீட்டுக்குப் போகட்டும். தீரும்வரை அவருக்கு அதுதான் சாப்பாடு."

நான்காம் நாள் காலை, முகத்தைத் துண்டால் மூடிய ஒருவர் கறிக்கடை முன் வந்து நின்றார்.

"ஒரு தொடை கொடு தாயி, யாரிடமும் சொல்லாதே" என்று கெஞ்சினார் கடம்பநாதர். "தாகம் தாங்க முடியவில்லை."