அரண்மனையில் கறக்காத கழுதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜா என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இவருக்கு வந்த ஆசையைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். கழுதைப்பால் குடித்தால் குரல் இனிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தினமும் ஒரு குவளை வந்தாக வேண்டும் என்று மனிதர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்!

அந்த ஊரில் கழுதை வளர்த்தவள் காத்தாயி ஒருத்திதான். ஒரு பெண் கழுதை, அதற்கொரு குட்டி. கழுதை கறப்பதே கொஞ்சம். குட்டி குடித்தது போக மிஞ்சியதைச் சங்கில் அளந்து பச்சைப்பிள்ளைகளுக்கு விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. மந்திரி கனகசபாபதி என்ன செய்தார் தெரியுமா? சேவகர்களை அனுப்பித் தாயை மட்டும் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். "குட்டி எதற்கு? இருக்கிற பாலையும் அது குடித்துத் தீர்த்துவிடும்" என்றாராம். பெரிய கண்டுபிடிப்பு!

குட்டியைக் காணாமல் கழுதை பால் சுரக்குமா? மடியில் கை வைத்தவனையெல்லாம் உதைத்துத் தள்ளியது. உடனே மந்திரி, "காத்தாயி ஏதோ மந்திரம் வைத்துவிட்டாள், மகாராஜா! இன்றைக்குள் பால் வராவிட்டால் அவளைச் சிறையில் தள்ள வேண்டும்" என்று ஓதினார். ராஜாவும் சரி என்று தலையாட்டினார். ஆட்டுவதற்கு மட்டும்தானா தலை?

காத்தாயி அழுதுகொண்டே அரசவை விகடன் எத்திராசனிடம் ஓடினாள்.

"ஐயா, புல்லு திங்கிற வயசுகூட இல்லய்யா அந்தக் குட்டிக்கு. நேத்துலேருந்து பட்டினி. நான் சிறைக்குப் போனாலும் போறேன், அது செத்துரும்யா!"

எத்திராசன் நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா! அந்தக் கழுதைக்கு ஒரு குறை இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டால் பால் தானாக வரும்."

எத்திராசனைக் கண்டாலே மந்திரிக்கு ஆகாது. நல்ல பேரை இவன் தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று பயம். "குறை எதுவானாலும் அடியேனே நின்று தீர்த்துவைக்கிறேன், பிரபு!" என்று முந்திக்கொண்டார்.

"அப்படியே ஆகட்டும். இது நம் ஆணை" என்றார் ராஜா.

"கழுதைக்குக் குறை, குட்டி இல்லாததுதான்" என்றான் எத்திராசன். "மந்திரியாரே, குட்டியாக நில்லுங்கள்."

"இதென்ன அக்கிரமம், பிரபு!"

"அக்கிரமமா? தாயையும் பிள்ளையையும் பிரித்தது தாங்கள். குறையை நின்று தீர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் தாங்கள். ராஜாவின் ஆணை, ம், குனியுங்கள்!"

ராஜாவுக்கோ வேடிக்கை பார்க்கும் ஆவல். கழுதையைச் சபைக்கே கொண்டுவந்து கட்டச் சொல்லி, "குனியும்" என்றார். பட்டுச் சால்வையோடு மந்திரி நாலு காலில் நின்று கழுதையின் மடியை நோக்கி முகத்தை நீட்டினார். கழுதை திரும்பி மோந்து பார்த்தது. விட்டது பாருங்கள் ஓர் உதை! மந்திரி ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. எத்திராசன் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்திராசா, பிடி பொற்கிழியை! இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"சிரித்தது போதும், மகாராஜா. அங்கே ஓர் உயிர் பசியில் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் கழுதையை அவிழ்த்துவிடுங்கள்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. தாமே எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார்.

கழுதை ஓடிய ஓட்டத்துக்கு, வாசலில் காத்திருந்த காத்தாயியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவள் வீடு சேர்ந்தபோது குட்டி எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. அதை அள்ளித் தூக்கித் தாயின் மடியில் அதன் வாயை வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் ஒரு சொட்டுப் பால்கூடக் கறக்கவில்லை.