சூரனுக்குக் கட்டிய மணி

குற்றாலிங்கம் உட்கார்ந்திருந்தாலும் நின்றுகொண்டிருப்பவர் மாதிரியேதான் இருப்பார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயிற்றே தவிர, விசில் ஊதுகிற வாய் போகவில்லை. யாராவது இரண்டு பேர் நின்று பேசினால், "என்ன, பொறப்படலியா?" என்று கேட்டுவிடுவார்.

கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்தில் மரகதத்தம்மா இருந்தார். வெளியூர்க்காரர்கள் அந்த இடத்தை ஆசிரமம் என்பார்கள், அங்கே தங்கியிருந்த நாங்கள் வீடு என்போம். அம்மாவுக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. குற்றாலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. இருந்தாலும் நாலைந்து வருஷமாக அம்மாவிடம் பாடம் கேட்க வந்துபோகிறவர் அவர். தியானத்தில் கண்ணை மூடுவார், உடனே ஒரு கண்ணைத் திறந்து வாட்சைப் பார்ப்பார். அம்மா அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பையும் கையுமாக வந்து நின்றார்.

"அம்மா, ஆவுடை என்னை விட்டுட்டுப் போறேங்கா."

ஆவுடை அவர் மனைவி. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி, போன வருஷம் பார்வை முழுக்கப் போய்விட்டது.

அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போறாங்க?"

"ராஜபாளையத்துக்கு, தங்கச்சி வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை தங்கச்சி மகன் கார் கொண்டு வாரான். இனிமே அங்கதானாம். அதுவரைக்கும் என் மூஞ்சியில முழிக்காதீங்கன்னு சொல்லி என்னைய இங்க அனுப்பிட்டா."

"என்னத்துக்காம்?"

"அதைச் சொன்னா நான் ஏன் இங்க வாரேன்? அவ குளிக்கப் போனா வாசல்ல நிக்கேன். சோத்தைப் பெசஞ்சு கையில குடுக்கேன். அவ எந்திரிச்சா நானும் எந்திரிக்கேன். கண்ணு போன நாள்ல இருந்து ஒரு வார்த்தை கடுத்துச் சொன்னது கிடையாது. அவ என்ன சொன்னாலும் சரி சரின்னுதான் போறேன். நான் என்ன குறை வச்சேன் அம்மா?"

அம்மா ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தார்.

"ரெண்டு பூனையும் காலையில இருந்து சாப்பிடல. அதைக் கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"பூனையையா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

பெண்டாட்டி போகிறாள் என்று வந்தவனிடம் பூனைக்குச் சோறு வை என்கிறாரே என்று குற்றாலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. வந்ததை முழுங்கிக்கொண்டு போய்ப் பால் சோறு பிசைந்தார்.

அந்த வீட்டுப் பூனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜில்லு வெள்ளைப் பெண் பூனை. குட்டியிலேயே சீழ் பிடித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. சூரன் பழுப்பு நிறக் கடுவன், ஒரு காது கிழிந்தவன். இரண்டும் ஒரே சாக்கில்தான் தூங்கும்.

கண் இல்லையே தவிர ஜில்லுவுக்கு விளையாட்டு ஓயாது. சிமெண்ட் தரையில் ஒரு சோடா மூடி உருண்டால் போதும், பின்னாலேயே ஓடுவாள், சுவரில் முட்டுவாள், தலையை உதறிவிட்டு மறுபடி ஓடுவாள். சூரன் அரிசி டிரம்முக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் பதுங்குவான். அவள் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு தேடி வருவாள். சில சமயம் அவள் கண்டுபிடித்து மேலே பாய்வாள். சில சமயம் அவன் முந்திக்கொண்டு அவள் மண்டையில் ஓர் அறை விடுவான். பிறகு இரண்டும் கட்டிப் புரளும்.

குற்றாலிங்கம் அந்த அடியைத்தான் பார்த்தார்.

"ஏல மூதி, கண்ணு தெரியாததைப் போயி அடிக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

துண்டைச் சுழற்றிச் சூரனை விரட்டினார். ஜில்லுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் நழுவி இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க மனுசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாய்க்கால் வரை நடப்பார், திரும்பி வருவார். பக்கத்து வீட்டு டீச்சருக்குப் போன் போட்டு, "ஆவுடை கேஸை அணைச்சாளான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "கதவைச் சாத்தியிருக்காளா?" என்பார். சாயங்காலம் டீச்சர் போனை அணைத்து வைத்துவிட்டார்கள். அதற்கும் புலம்பினார்.

மறுநாள் அம்பாசமுத்திரம் கடைத்தெருவுக்குப் போய், ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற சின்ன மணி ஒன்று வாங்கி வந்தார். சிவப்புக் கயிற்றில் கோத்து அம்மாவிடம் காட்டினார்.

"இது யாருக்கு?"

"சூரனுக்கு. அவன் எங்க நிக்கான், எப்ப வாரான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? என் சர்வீஸ்ல ஹாரன் இல்லாத வண்டியை ஸ்டாண்டை விட்டு வெளிய விட்டதில்லை அம்மா."

"கட்டுங்க."

அவ்வளவுதான் அம்மா சொன்னார். எங்களில் ஒருத்தி, "அம்மா, அவன் எலி பிடிக்கிறவன்" என்று இழுத்தாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் தன் சோலியைப் பார்க்கப் போனாள்.

மணியைக் கட்டியதும் சூரன் தன் சத்தத்துக்குத் தானே பயந்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ஜில்லுவுக்கு ஒரே கொண்டாட்டம், மணி கேட்ட பக்கமெல்லாம் பாய்ந்தாள். குற்றாலிங்கம் எங்களைப் பார்த்துச் சிரித்தார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தார்.

புதன்கிழமை ஜில்லு பாயவில்லை. சூரன் டிரம்முக்குப் பின்னால் பதுங்கினான், மணி கிணுங்கியது. அவள் காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, படுத்தது படுத்தபடி கிடந்தாள். அவன் கதவிடுக்கில் பதுங்கினான், மறுபடி கிணுங்கியது. அவள் எழுந்திருக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சூரன் ஓட்டுமேல் ஏறிப் போய்விட்டான். அப்புறம் சோற்றுக்குக்கூட இறங்கவில்லை.

ஜில்லு சாக்கை விட்டு நகரவில்லை. சோடா மூடியை உருட்டினாலும் திரும்பவில்லை.

குற்றாலிங்கம் பதறிப்போனார். அவளைத் தூக்கி ஓர் அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து வைத்தார். பாலை விரலில் தொட்டு வாயில் தடவினார். அவள் வெளிக்குப் போகிற மண் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார், தூக்கிக்கொண்டு வந்தார். எங்கேயும் முட்டிவிடக் கூடாதென்று பெஞ்சு, முக்காலி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் சுவர் ஓரம் தள்ளினார். பழகின வீடு மாறிப்போனதில் அவள் எழுந்து நடந்த ஒரே தடவையும் தூணில் போய் முட்டினாள்.

வியாழக்கிழமை காலையில் மறுபடி தூக்கப் போனார். ஜில்லு அவர் புறங்கையை நீளமாகக் கீறிவிட்டாள். ரத்தம் சொட்டியது. அவர் கையைக் கட்டவில்லை. பெட்டி பக்கத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இதை வந்த அன்னைக்கே கேட்டீங்களே அண்ணாச்சி."

குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அது ஆவுடையைப் பத்திக் கேட்டது அம்மா."

"சரி."

அம்மா ஏணி கொண்டுவரச் சொன்னார். தானே ஏறிச் சூரனைப் பிடித்து இறக்கினார். அரிவாள்மணையை எடுத்துக் குற்றாலிங்கத்தின் முன்னால் வைத்தார்.

"கயிறை அறுங்க."

"அறுத்தா அடிப்பானே."

"அடிப்பான்."

அவர் தயங்கினார். பிறகு சூரனின் கழுத்துக் கயிற்றை விரலால் இழுத்து மெதுவாக அறுத்தார். சூரன் தலையை உதறினான். உடம்பை நக்கினான். எங்கேயோ போகிறவன்போல முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போனான். குற்றாலிங்கம் அப்பாடா என்று மூச்சு விட்டார்.

அதற்குள் எந்தப் பக்கமாக வந்தானோ, பெட்டிக்குள் கிடந்தவள் மண்டையில் விட்டான் ஓர் அறை.

ஜில்லு ஒரு முழம் எம்பினாள். பெட்டி கவிழ்ந்தது. அடித்தவனைத் துரத்திக்கொண்டு ஓடினாள், தூணில் முட்டினாள், திரும்பினாள், மறுபடி ஓடினாள்.

குற்றாலிங்கம் எழுந்துவிட்டார்.

"முட்டிக்கிட்டா அம்மா."

"அவ நின்னுட்டாளா?"

"இல்ல, ஓடுதா."

"பெறகு நீங்க என்னத்துக்கு நிக்கீங்க? உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வாட்சைப் பார்க்கவில்லை, டீச்சருக்குப் போன் போடவில்லை. என்ன யோசித்தார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே வாசலில் கார் வந்து நின்றது. ஆவுடையின் தங்கை மகன் கார்த்தீசன் ஓட்டிவந்திருந்தான். நல்ல பிள்ளை, பொறுப்பானவன், எதற்கும் பதறுகிறவன். ஆவுடை காரின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே இறங்கினாள். அவன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான்.

"விடுல. வாசல் நடை எந்தப் பக்கம்னு சொல்லு, போதும்."

குற்றாலிங்கம் முற்றத்தில் பாதி தூரம் ஓடினார். அங்கேயே நின்றுவிட்டார்.

ஆவுடை கையை முன்னால் நீட்டி, தூணைத் தொட்டு, உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கும்பிடு போட்டாள். இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் குற்றாலிங்கம் நின்ற பக்கமாக நீட்டினாள்.

"தண்ணி மோட்டார் சுவிட்சு சரியில்ல. ஆளைக் கூட்டிப் பாத்துக்கிடுங்க. காப்பி போட்டுக் கொண்டாந்தேன், குடிங்க. கெளம்பணும்."

பிளாஸ்கை அவளே திறந்து, டம்ளரின் விளிம்பில் விரல் வைத்துச் சிந்தாமல் ஊற்றினாள். குற்றாலிங்கம் வாங்கினார். ஒரு வாய் குடித்தார்.

அவர் முகம் கோணியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஆவுடை.

"நல்லா..." என்று தொடங்கினார். நிறுத்தினார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் வாழை மரத்தடிக்குப் போய், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏட்டி, காப்பியா இது? உப்பைப் போட்டு வச்சிருக்க."

கார்த்தீசன் பதறிவிட்டான்.

"பெரியப்பா, டப்பா மாறியிருக்கும். அவங்களுக்கு எப்படி..."

"நீ சும்மா இருல." ஆவுடையின் முகம் புருஷனின் குரல் வந்த பக்கம் திரும்பியது. "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"உப்புங்கேன். மனுசன் குடிப்பானா இதை?"

"குடிச்சீங்களே. ஆடி மாசத்துல இருந்து வாரத்துக்கு ஒரு நாள் போட்டுத்தானே குடுக்கேன். நல்லாருக்கு ஆவுடை, நல்லாருக்கு ஆவுடைன்னு குடிச்சீங்களே."

குற்றாலிங்கம் டம்ளரை உற்றுப் பார்த்தார்.

"வேணும்னா போட்ட?"

"வேணும்னுதான். விரல்ல எடுத்தா உப்பு எது, சீனி எதுன்னு தெரியாதா எனக்கு? என்னைக்காவது ஒரு நாள் டம்ளரைத் தூக்கி எறிவீங்கன்னு பாத்தேன். முப்பது வருஷம் என்கூட மல்லுக்கட்டின மனுசன் எங்க போனாருன்னு தேடுதேன், தேடுதேன், ஆளைக் காணல. ஒரு நர்சுதான் வீட்டுக்குள்ள நடமாடிக்கிட்டு இருக்கு. அந்த நர்சுகூட இருக்கதுக்கு நான் தங்கச்சி வீட்டுல இருந்துட்டுப் போறேன்."

முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

குற்றாலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"எனக்கு பி.பி. கூடிப்போயி டாக்டர் மாத்திரையை ரெண்டாக்கிட்டாரு. எதனால கூடுதுன்னு அந்த மனுசன் மண்டையைப் பிச்சுக்கிட்டாரு. இவ வீட்டுக்குள்ள உக்காந்து உப்புக் காப்பி போட்டுக் குடுத்திருக்கா."

"மாத்திரை ரெண்டாச்சா? எங்கிட்டச் சொன்னீங்களா அதை?"

"சொன்னா கவலைப்படுவியேன்னு..."

"நான் கவலைப்படக் கூடாதா? அதுவும் உங்களுக்குத்தான் எழுதி வச்சிருக்கா?"

பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உப்பில் தொடங்கியது மோட்டார் சுவிட்சுக்குப் போயிற்று. அங்கிருந்து, ஆவுடையின் தம்பி கல்யாணத்தில் அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துபோன பந்திக்குப் போயிற்று. பந்தியில் தனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனார்கள் என்றார் அவர். வைத்தார்கள், நொறுங்கிய அப்பளம் என்று நீங்கள்தான் ஒதுக்கினீர்கள் என்றாள் அவள்.

"பெரியம்மா, நேரமாகுது" என்றான் கார்த்தீசன்.

"நீ ஊரைப் பாத்துப் போ. நான் இன்னும் பேசி முடிக்கல."

சொல்லிக்கொண்டே எழுந்து அவரை நோக்கி நடந்தாள். சுவர் ஓரத்தில் கிடந்த முக்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

"முக்காலி கெடக்கு, கண்ணு தெரியலியா?" என்று கத்தினார் குற்றாலிங்கம்.

"தெரிஞ்சா ஏன் இடிக்கேன்?" என்று அவளும் கத்தினாள். முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அப்பளத்தைத் தொடர்ந்தாள்.

கார்த்தீசனுக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என்னம்மா இது? கண்ணு தெரியாதவங்ககிட்டப் போயி இந்தப் பேச்சுப் பேசுதாரே. நீங்களாவது அவருக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. இப்பத்தான் அவரு அதை மறந்திருக்காரு. நீங்க போயி ஞாபகப்படுத்திராதீங்க."