குறைந்துபோன ஐஸ்

மலையடிவாரத்து எல்லைச் சாவடியில் விடிந்ததும் வந்து வரிசையில் நின்றது தாசையனின் லாரி. எடை மேடைக்கு அழைக்கும்போது உச்சி வெயில். வண்டி நிறைய ஐஸ் பாளங்கள். துறைமுகத்தில் மீனோடு கரைசேர்ந்த படகுகள் அதற்காகத்தான் காத்திருந்தன. தாமதமானால் அடுத்த நடை வேறு ஆளுக்குப் போய்விடும். அவனிடம் இருப்பதோ அந்த ஒரே வண்டி.

சாவடி அதிகாரி பில்லைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"பில்லுல இருக்கிற எடை வண்டியில இல்லையே. வழியில யாருக்கு வித்தே?"

"யாருக்கும் விக்கலை சார்."

"அப்போ குறைஞ்சதைக் கொண்டுவந்து என் கண்ணுல காட்டு. அதுவரைக்கும் வண்டி நகராது."

தாசையன் கொஞ்சம் யோசித்தான்.

"காட்டுறேன் சார். காலைக் கொஞ்சம் தூக்குங்க."

அதிகாரி குனிந்து பார்த்தார். லாரியிலிருந்து வழிந்த தண்ணீர் அவருடைய பூட்ஸைச் சுற்றித் தேங்கியிருந்தது.

"நீங்க நிறுத்தின இடத்தை விட்டு அது எங்கேயும் போகலை சார். அள்ளி எடை போடுங்க. ஆனா அள்ளி முடிக்கிறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் குறையும்."

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி பில்லில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

தாசையனுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியில் ஏறப்போனவன் வரிசையில் பின்னால் தள்ளி நின்ற ஒரு லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"சார், அதுல இருக்கிறது மல்லிகை. அதுவும் காலையில இருந்து குறைஞ்சுக்கிட்டுதான் இருக்கு. ஆனா சொட்டிக் காட்ட அதுக்குத் தெரியாது."

அதிகாரி அன்றைக்கு முதல்முறையாக அந்த வரிசையைக் கடைசி வரை பார்த்தார். பிறகு பூ லாரியை முன்னால் வரச் சொல்லிக் கை காட்டினார்.