மூணு சுழிப் பவளம்

எந்த ஊருன்னு கேக்கப்படாது, ஒரு ஊரு. அந்த ஊருக்கு ஒரு ராசா இருந்தாராம், கொண்டல்ராயருன்னு பேரு. ராசாவுக்கு ஆனை இருக்கு, பல்லக்கு இருக்கு, ஆனா உசுரு பூரா ஒரு செவலைக் குதிரை மேலதான். பவளம்னு பேரு வச்சிருந்தாரு. அந்தப் பவளத்தைக் குட்டியில இருந்து வளத்தவ மூக்காயி. புருசன் இல்ல, புள்ள இல்ல, அவளுக்கு எல்லாமே அந்தக் குதிரைதான்.

மூக்காயிகிட்ட ஒரு சாக்குப் பை. அதுக்குள்ள என்ன, வைரமா இருக்கும்? தேங்கா நாரை உருட்டிக் கட்டின தேய்ப்பு ஒண்ணு, மரச்சீப்பு ஒண்ணு, பழைய வேட்டித் துணி ஒண்ணு, முனை வளைஞ்ச இரும்புக் கம்பி ஒண்ணு, அவ்வளவுதான். விடிஞ்சதும் நாரால உடம்பத் தேய்ப்பா, அப்புறம் பிடரியும் வாலும் சீப்பால வாருவா, அப்புறம் ஈரத்துணியால மூஞ்சியத் துடைப்பா, அதுக்கப்புறம் ஒவ்வொரு காலாத் தூக்கி, குளம்புக்குள்ள அடைஞ்ச சேறு, கல்லு எல்லாத்தையும் கம்பியால நோண்டி எடுப்பா. குதிரை கண்ண மூடிக்கிட்டு சொகமா நிக்கும். உங்கள மாதிரி, சீப்பப் பாத்ததும் ஓடாது.

அப்படி இருக்கறப்போ குதிரை லாயத்துக்கு அதிகாரியாப் புதுசா ஒரு மணியக்காரரு வந்தாரு, தாண்டவராயருன்னு. நெத்தியில சந்தனம், காதுல கடுக்கன், வேலை செய்ய மட்டும் உடம்பு வளையாது. சாக்குப் பையப் பாத்ததும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டாரு.

"என்ன கருமம் இது? ராசா ஏறுற குதிரையத் தேங்கா நாரால தேய்க்கிறியே, இதென்ன சோத்துப் பானையா?"

"தேய்ச்சாத்தானுங்க அழுக்கு போவும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? நீ போயி புல்லு அறு."

அப்புறம் அவரு என்ன பண்ணாரு? வாசனைத் தைலத்தக் குடத்தோட கொண்டாந்து குதிரை மேல ஊத்தினாரு, மேல பட்டுப் போர்வை போத்தினாரு, ராசாவும் பளபளப்பப் பாத்துச் சொக்கிப் போனாரு. மறுநாளும் தைலம், அதுக்கு மறுநாளும் தைலம். தூசி மேல எண்ணெய், எண்ணெய் மேல தூசி. மூணு மாசம் தலையே வாராம எண்ணெய மட்டும் வச்சா உங்க தலை என்ன ஆவும்? மூணு மாசத்துல பவளத்துக்கும் அந்தக் கதிதான். மயிரெல்லாம் திரிஞ்சு முறுக்கி அங்கங்க கட்டிப்போச்சு. பாவம், அரிப்புத் தாங்காம குதிரை தூணுல போயி உரசும். போதாததுக்கு ஒரு கால வேற நொண்ட ஆரம்பிச்சிடுச்சு.

ஒருநாள் ராசா ஏறி உக்காந்தாரு, குதிரை துள்ளிச்சு, ராசா தொபுக்கடீர்னு சாணிக் குழியில விழுந்தாரு. சிரிக்காதீங்கடி, அவருக்கு இடுப்பு வலி.

தாண்டவராயரு ஓடியாந்து ராசாவத் தூக்கி விட்டுக்கிட்டே கணக்குப் போட்டாரு. வேலை செய்யாதது தெரிஞ்சிட்டா? சட்டுன்னு ஒரு பொய்யப் போட்டாரு. குதிரைக்குச் சுழி பாப்பாங்க, தெரியுமில்ல? மயிரு சுத்திக்கிட்டு நிக்கிற இடம்தான் சுழி, அது எங்க இருக்குன்னு பாத்து நல்லது கெட்டது சொல்லுவாங்க. இவரு போர்வைய விலக்கி, மயிரு கட்டின இடமாப் பாத்துப் பாத்துக் காட்டினாரு.

"பாருங்க மகாராசா, நெத்தியில ஒரு சுழி, அது உங்களுக்கு ஆவாது. விலாவுல ஒரு சுழி, அது ராணிக்கு ஆவாது. வாலடியில ஒரு சுழி, அது நாட்டுக்கே ஆவாது. வளர வளரத்தான் இதெல்லாம் வெளிய தெரியும். காட்டுக்குத் தொரத்திடுங்க."

ராசாவுக்கு மனசே இல்ல. ஆனா ராணிக்கு ஆவாதுன்னு சொன்னப்புறம் என்ன பண்ணுவாரு? "நாளைக்குக் காட்டுல விட்டுருங்க"ன்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. காட்டுல விட்டா என்ன ஆவும்? நொண்டிக் குதிரை, ஓட முடியாது, ஒரே நாள்ல புலி தின்னுடும்.

சேதி கேட்டு மூக்காயி புல்லுக்கட்ட வரப்புலயே போட்டுட்டு ஓடியாந்தா. குதிரை கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா, நல்லா அழுதா, அப்புறம் கண்ணத் துடைச்சிக்கிட்டு ராசா முன்னால போயி நின்னா.

"சாமி, வீட்ட விட்டு அனுப்புற பொண்ணத் தலை வாரித்தான் அனுப்புவாங்க. இது நான் வளத்த புள்ள. ஒரே ஒரு தடவை வாரி விட்டுக்கறேன்."

"செய்யி"ன்னாரு ராசா.

"தொடப்படாது, தொட்டவங்களுக்கு ஆவாது"ன்னாரு தாண்டவராயரு.

"ஆவாட்டிப் போவுது"ன்னு மூக்காயி பையத் தொறந்தா.

ஈரத்துணிய எடுத்து நெத்தியத் துடைச்சா, துடைச்சா, துடைச்சா, ராசாவுக்கு ஆவாத சுழி துணியோட வந்துடுச்சு. நார எடுத்து விலாவத் தேய்ச்சா, தேய்ச்சா, தேய்ச்சா, ராணிக்கு ஆவாத சுழி தூசியாப் பறந்துடுச்சு. சீப்ப எடுத்து வாலு நுனியில இருந்து மேல மேலச் சிக்கெடுத்தா, எடுத்தா, எடுத்தா, நாட்டுக்கே ஆவாத சுழி ஒரு கைப்பிடி மயிராக் கீழ விழுந்துச்சு. அப்புறம் நொண்டுற கால மடியில தூக்கி வச்சுக் கம்பியால நோண்டினா, புளியங்கொட்டை அளவுக் கூழாங்கல்லு ஒண்ணு தெறிச்சு விழுந்துச்சு. பவளம் நாலு காலையும் ஊனி நின்னுச்சு.

ராசா அந்த மயிர எடுத்து மோந்து பாத்தாரு. தைல வாசனை. உடனே நாவிதரக் கூட்டியாரச் சொன்னாரு.

"தாண்டவராயரு தலைய மழிங்க. இவருக்கும் சுழி பாக்கணும்."

மழிச்சுப் பாத்தா, உச்சியில ரெட்டைச் சுழி.

"ரெட்டைச் சுழியா? அது லாயத்துக்கு ஆவாதே. காட்டுல விட்டுருங்க"ன்னாரு ராசா.

தாண்டவராயரு நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு. "மகாராசா, பொறக்கறப்பவே இருக்கிற சுழி என்ன பண்ணும்? நான் என்ன பண்ணுனேன்னு பாருங்க, சுழியப் பாக்காதீங்க."

"பவளமும் இதத்தான்யா சொல்லியிருக்கும், அதுக்கு வாயில்ல. சரி, உம்ம பேச்சுப்படியே நீரு என்ன பண்ணுனீருன்னு பாக்குறேன். மூணு மாசமா ஒண்ணுமே பண்ணல. லாயத்துல நாப்பது குதிரை, நூத்தி அறுபது காலு. இனிமே அத்தனையும் நீருதான் நோண்டணும்."

மூக்காயி லாயத்துக்கு மணியம் ஆனா. தாண்டவராயரு கம்பியும் கையுமா உக்காந்தாரு. நூத்தி அறுபதாவது கால முடிக்கறதுக்குள்ள மொதக் குதிரை மறுபடியும் சேத்துல மிதிச்சிடும், அவரும் மறுபடி ஆரம்பிப்பாரு. தான் பாக்க வேண்டியதப் பாக்காம, வாயில்லாத சீவன் மேல பழியப் போட்டா இப்படித்தான். அவரு வேலை முடியாது, நம்ம கதை முடிஞ்சிடுச்சு.