நாற்பது தப்படி

"அவ வச்சது ஒரே ஒரு பெட்டி, ஆசானே. எனக்கு நாலு போச்சு."

சொல்லிவிட்டுச் சொர்ணவடிவு உட்காரவில்லை. நின்றபடியே மூச்சு வாங்கினாள்.

ஆசான் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். கூகைமலை அடிவாரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பெட்டியை மலையில் ஒளித்துவைத்து, இடத்தைச் செல்போனில் குறித்து, ஊர் பேர் தெரியாதவர்களைத் தேடவிடும் ஆட்டத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர் அவர்தான். அதனால் எல்லாருக்கும் ஆசான்.

சட்டம் ஒன்றுதான். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவே இருநூறு தப்படியாவது இருக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் சொர்ணவடிவு. ஆனால் கோலம் தெரிந்தவள். ஒன்றுக்கு நேர் ஒன்றாக நேர்ப்புள்ளி வைத்தால் மலை இருபத்தாறு பெட்டிதான் கொள்ளும், இரண்டுக்கு இடையில் ஒன்றாக இடுக்குப்புள்ளி வைத்தால் முப்பது கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இடுக்குப்புள்ளி முப்பதில் ஓரத்திலிருந்து இருபத்தாறை வைத்து முடித்திருந்தாள். நடுவில் நாலு பாக்கி. அதற்குள் மகளுக்குப் பிரசவம். போய்விட்டு வந்து பார்த்தால், நடுப்புள்ளிக்கு நாற்பது தப்படி தள்ளி ஒரு பெட்டி. அதே ஊர்ச் சந்தனமேரி வைத்தது. அந்த ஒன்றுக்கு இருநூறு தப்படிக்குள் விழுந்ததால் நாலு புள்ளியும் செத்துப்போயின.

அதுகூடப் பொறுத்திருப்பாள். அவளுடைய இருபத்தாறையும் வருகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் கண்டெடுத்துவிடுகிறார்கள். சந்தனமேரியுடையதை இன்றுவரை ஒருவரும் கண்டெடுக்கவில்லை. இறங்கி வருகிற வாயெல்லாம் அந்தக் கிடைக்காத பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறது. அதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்.

"நாற்பது தப்படி நகர்த்தி நடுப்புள்ளியில வைக்கச் சொல்லுங்க. மீதி மூணாச்சும் எனக்குத் திரும்பும்" என்றாள்.

ஆசான் செப்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "நீங்களே எடுத்து நகர்த்திருங்களேன், அக்கா. மேரிக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொர்ணவடிவு அன்றே மலை ஏறினாள்.

செல்போன் ஒரு யானைப்பாறையின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே பெட்டி இல்லை. தான் எங்கெங்கே வைப்பாளோ அங்கெல்லாம் தேடினாள். கல்லுக்கு அடியில், வேருக்கு இடையில், புற்றுக்குப் பின்னால். பொழுது சாய்ந்தது.

மறுநாளும் போனாள். எதிரே இறங்கி வந்த சந்தனமேரி நின்றாள்.

"என்னக்கா, வச்ச பெட்டியை மறந்துட்டியளோ? இருபத்தாறு இருந்தா அப்படித்தான்."

சொர்ணவடிவு ஒதுங்கி வழிவிட்டாள். சிரித்துக்கொண்டு போகிற அந்த முதுகையே பார்த்தாள். சந்தனமேரி இடது காலை விந்தி விந்தி இறங்கினாள். முழங்கால் தேய்ந்தவள் போல. இத்தனை நாள் அதைக் கவனித்ததே இல்லை.

வீட்டில் படுத்தும் அந்த நடை கண்ணை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் அவள் தேடவில்லை. யானைப்பாறைக்கு வந்ததும் நின்றாள். முழங்கால் தேய்ந்த ஒருத்தி இங்கே வந்து சேர்ந்தால் முதலில் என்ன செய்வாள்?

உட்காருவாள்.

சொர்ணவடிவு பாறையில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். காற்று வந்தது. கீழே குளமும் அதன் கரையில் வரிசையாகப் பனைகளும் தெரிந்தன. முப்பது புள்ளி குறிக்க அலைந்த நாளில் ஒருதரம்கூட அவற்றைப் பார்க்கவில்லை.

எழுந்திருக்க வேண்டும். இடது முழங்கால் நொந்தவள் எப்படி எழுவாள்? வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாறையைப் பிடித்தாள்.

விரல்கள் ஒரு வெடிப்புக்குள் போயின. தகரம் சில்லென்று தொட்டது.

பழைய பவுடர் டப்பா. உள்ளே ஒரு குட்டி நோட்டும் பென்சிலும். எல்லாப் பெட்டியிலும் இருப்பது போல, கண்டெடுத்தவர் பெயர் எழுதுகிற நோட்டு அது. வைத்தவர் எழுதுவதில்லை. முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது.

நோட்டை மடியில் விரித்தாள். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

இறங்கி வந்தபோது ஆசான் அவள் கைகளைப் பார்த்தார். காலியாக இருந்தன.

"கிடைக்கலியா, அக்கா?"

"கிடைச்சுது."

"நகர்த்தியாச்சா?"

"இல்ல. அதை யாரும் நகர்த்தக் கூடாது." குரல் சண்டைக்கு வந்தது போல இருந்தது. "அதுல என் பேரு இருக்கு. முதப் பேரு."

ஆசான் தலையாட்டினார். கம்பியின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுக் கேட்டார்.

"மலையில வேற எந்தப் பெட்டியில இருக்கு, உங்க பேரு?"

இருபத்தாறு என்று சொல்ல வாயைத் திறந்தாள் சொர்ணவடிவு.

வாயில் வந்தது, "அந்த ஒண்ணுலதான்."